சுள்ளிக்கும் ஒரு பெயர் உண்டு

ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் தெருவில் மின்கம்பிக்கு இடைஞ்சலாக இருக்கும் கிளைகளைக் கழிப்பார்கள். காலையில் மரம் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். கழித்ததை என்ன செய்வது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன்பு தெருமுனையில் குவித்துவிட்டுப் போனார்கள். அடியில் வேப்பங்கிளை, அதன்மேல் பூவரசு, அதன்மேல் யாரோ வேலியில் வெட்டிய காகிதப்பூச் செடியின் முள், நடுவில் ஒரு கிழிந்த மெத்தை. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. குவியலுக்குள் கொசு அடைந்தது. மழை விட்டு வெயில் அடித்த ஒரு சாயங்காலம் யாரோ நெருப்பு வைத்துவிட்டார்கள். பச்சையும் காய்ந்ததும் ஒன்றாகக் கிடந்ததால் அது எரியவும் இல்லை, அணையவும் இல்லை. இரண்டு நாள் புகைந்தது. எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஆஸ்துமா. ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு அந்த இரண்டு நாளும் உள்ளேயே கிடந்தார்.

அந்தப் புகை எனக்கு வேறொரு காரணத்துக்காகவும் உறுத்தியது. வேப்பந்தழையும் பூவரசந்தழையும் வயலுக்குத் தழையுரம். வேப்பிலையை ஆடு விரும்பித் தின்னும். பூவரசங் கழிகளை மழை ஈரத்தில் ஊன்றியிருந்தால் அத்தனையும் துளிர்த்திருக்கும். தடித்த வேப்பங்கட்டை பிளந்து காயவைத்தால் நல்ல விறகு. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் எல்லாம் குப்பை ஆயிற்று.

தமிழறிஞர் தேவநேயப் பாவாணர் தமிழின் சொல்வளத்தைப் பற்றி எழுதும்போது மரத்தின் உறுப்புகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். அடிமரத்திலிருந்து பிரிகிற பெருங்கிளை கவை. கவை பிரிந்தால் கொம்பு, கொம்பு பிரிந்தால் கிளை, பிறகு சினை, போத்து, குச்சு, கடைசியில் இணுக்கு. இதைப் பலர் பள்ளியிலேயே படித்திருப்போம். அதே இடத்தில் அவர் தருகிற இன்னொரு வரிசையை அவ்வளவாக யாரும் நினைவில் வைப்பதில்லை. அது காய்ந்துபோன மரத்துக்கான பெயர்கள். காய்ந்த குச்சு சுள்ளி. காய்ந்த சிறுகிளை விறகு. காய்ந்த கழி வெங்கழி. காய்ந்த கொம்பும் கவையும் அடியும் கட்டை. உயிரோடிருக்கும் மரத்துக்குப் பெயர் வைத்த கையோடு, வெட்டிப் போட்ட மரத்துக்கும் பருமன் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பருமனுக்கும் வீட்டிலும் வயலிலும் தனித்தனி வேலை இருந்த காலத்தில் பிறந்த சொற்கள் இவை. சுள்ளி அடுப்பு பற்றவைக்க. விறகு நின்று எரிய. கழி பந்தலுக்கு. கட்டை தச்சருக்கு. மரம் வெட்டிய இடத்தில் மறுநாள் ஒரு இணுக்குகூட மிச்சமிருக்காது.

இன்றைக்கு இந்த எல்லாவற்றுக்கும் நகரத்தில் ஒரே பெயர்தான்: பச்சைக் குப்பை.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் காலையில் வெளியே வந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை, பெருங்கொன்றை என்று நிழலுக்காகவும் பூவுக்காகவும் நட்ட மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளை அடைத்துக் கிடந்தன. அடையாறு தியசாபிகல் சொசைட்டி தோட்டமும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் சில மணி நேரத்தில் வெட்டவெளி போலாயின. அன்றைக்கு முதல் வேலை ஆம்புலன்ஸ் போக வழி செய்வது. அதற்காகக் கிடைத்ததை வெட்டி ஓரம் தள்ளியதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வழி கிடைத்த பிறகும் அதே வேகத்தில், அதே கலவையாக, லாரி லாரியாக அள்ளிக்கொண்டுபோய்க் காலி இடங்களில் கொட்டினோம். மரக்கட்டைக்குள் மின்கம்பி, தழைக்குள் பிளாஸ்டிக், வேரோடு வந்த மண்ணுக்குள் சாலைக்கல். அப்படிக் கலந்துவிட்டதை எந்த இயந்திரத்துக்குள்ளும் விட முடியாது, எந்த வயலிலும் போட முடியாது.

புயல் அடித்த பத்தாம் நாள், டிசம்பர் 22 அன்று, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதற்குமாக ஓர் உத்தரவு போட்டது. திறந்தவெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம். அதே ஆண்டு ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தோட்டக் கழிவைத் தெருவில் எறியக்கூடாது, எரிக்கக்கூடாது, தனியாகத் தன் வளாகத்திலேயே சேர்த்துவைக்க வேண்டும் என்று கூறின. சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. தனியாகச் சேர்த்துவைத்ததை அடுத்து என்ன செய்வது என்கிற அறிவுதான் நம் தாத்தா பாட்டியோடு போய்விட்டது.

அதை மறுபடி பிடிக்க, முதலில் இணுக்கிலிருந்து தொடங்க வேண்டும். வழக்கமாக நாம் அடிமரத்தை மதித்து நுனியைத் தூக்கி எறிகிறோம். மண்ணின் கண்ணில் கணக்கு தலைகீழ். மரத்தின் சத்தில் பெரும்பங்கு இலையிலும், விரல் பருமன் குச்சியிலும், அதன் பட்டையிலும்தான் இருக்கிறது. அடிமரம் பெரும்பாலும் வெறும் கரிமம். கனடாவின் கியூபெக்கில் லாவல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜில் லெமியோவும் உடன் பணியாற்றியவர்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 7 சென்டிமீட்டருக்குக் குறைவான பருமனுள்ள இலையுதிர் மரக்கிளைகளை மட்டும் பச்சையாகத் துண்டு துண்டாக்கி மண்ணில் சேர்த்து, மண் எப்படித் தேறுகிறது என்று பார்த்தார்கள். விறகுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய சிறுகிளையிலிருந்தே காட்டு மண் போன்ற மண்ணை உண்டாக்க முடியும் என்பது அவர்கள் கண்டது. நம் உழவர்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. நைட்ரஜனுக்கு வேளாண் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரே தழைச்சத்துதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கட்டைத் துண்டுகளை மண்ணோடு கலந்து உழுதுவிட்டால் பயிர் மஞ்சளாகும். மரத்தூளில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூற்றுக்கணக்கான பங்கு கரிமம். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். அதே துண்டுகளை மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. வெயில் மண்ணைத் தொடாது, ஈரம் நிற்கும், களை அடங்கும், அடியில் மண்புழு மேலே வரும். மூன்று நான்கு அங்குல உயரம் போதும். மரத்தின் அடித்தண்டை ஒட்டிக் குவிக்காமல் அரையடி தள்ளிப் போட வேண்டும். ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும், கறையான் ஏறும்.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் மேடைக்கு மேடை பேசியது இந்த மூடாக்கைத்தான். கரூர் மாவட்டம் கடவூர் அருகே, பொட்டல் நிலத்தில் அவர் உருவாக்கிய வானகம் பண்ணையில் அதைச் செய்தும் காட்டினார். 2013 டிசம்பர் 30 அன்று அவர் உயிர் பிரிந்தது பட்டுக்கோட்டை பக்கத்தில் அத்திவெட்டியில். ஐந்தாண்டு முடியும் முன்பே அந்த வட்டாரத்தின் மேல்தான் கஜா புயல் வந்து விழுந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று புகுந்து புதுக்கோட்டையையும் தாண்டிப் போயிற்று. லட்சக்கணக்கான தென்னைகள் ஓர் இரவில் சாய்ந்தன. தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்கிறோம், பிள்ளையைப் போலவே வளர்க்கிறோம். முப்பது, நாற்பது வயதுத் தென்னைகள் வரிசையாகப் படுத்துக் கிடந்த தோப்பில் நின்றவர்களுக்குப் பேச்சு வரவில்லை. அரசு ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. அதில் 600 இழப்பீடு, 500 மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் செலவுக்கு. ஹெக்டேருக்கு 175 மரம் என்பது கணக்கு. அந்த 500 ரூபாயில் வேலை முடியாது என்று விவசாயிகள் அப்போதே சொன்னார்கள்.

இதை இழப்பீட்டுக் கணக்காக மட்டும் பார்த்துவிட்டோம் என்பது என் வருத்தம். சாய்ந்த தென்னையைத் தோப்பில் அப்படியே விட்டால் அது அடுத்த தலைமுறைத் தென்னையைக் கொல்லும். காண்டாமிருக வண்டு பொதுவாக உயிருள்ள மரத்தில் முட்டை வைப்பதில்லை. அழுகும் தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும்தான் வைக்கும். புழு அங்கேயே மாதக்கணக்கில் தின்று கொழுத்து, வண்டாகி, பறந்துபோய் நல்ல மரத்தின் குருத்தைத் துளைக்கும். பிறகு விரிகிற மட்டை கத்தரிக்கோலால் விசிறி போல வெட்டியதாகத் தெரியும். வளர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும். புயலுக்குப் பிறகு ஆசையோடு வைத்த கன்று தாங்காது. சிவப்புக் கூன்வண்டு இன்னும் விரைவு. வெட்டுப்பட்ட தென்னையின் வாசனைக்கே வந்துவிடும்.

பசிபிக் கடலில் குவாம் தீவுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அங்கே காண்டாமிருக வண்டு முதன்முதலாகத் தென்பட்டது 2007-இல். 2015 மே மாதம் டால்பின் என்ற புயல் அடித்தது. வீழ்ந்த மரங்களும் மட்டைகளும் தீவெங்கும் குவிந்து கிடந்தன. அந்தக் குவியல்களில் வண்டு பெருகியது. பெருகிய வண்டு நின்றுகொண்டிருந்த மரங்களைக் கொன்றது. செத்த மரங்கள் மேலும் வண்டு பெருக இடமாயின. புயலோடு முடிந்திருக்க வேண்டிய சேதம் இப்படிச் சுழலாக நீண்டது.

ஆகவே சாய்ந்த தென்னைக்குக் கெடு உண்டு. அடுத்த மழைக்காலம் வருமுன் அது தோப்பில் முழுக்கட்டையாகக் கிடக்கக் கூடாது. துண்டு போட்டு நெடுக்காகப் பிளந்து வெயிலில் போட்டாலே சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த கட்டையில் வண்டுக்கு வேலையில்லை. பிளக்க முடியாத தூர்களிலும் எருக்குழியிலும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையை விடச் சொல்கிறார்கள் வேளாண் துறையினர். அது புழுவின் உடம்பில் வளர்ந்து அதைக் கொல்லும், மரத்துக்கு ஒன்றும் செய்யாது. தஞ்சாவூர் வாடல் நோய் என்று மாவட்டத்தின் பெயரையே சுமக்கிற அடித்தண்டு அழுகல் இருந்த மரமென்றால் கட்டையை எடுத்தால் மட்டும் போதாது. அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சை வேரிலும் தூரிலும் உயிரோடு இருக்கும். தூரைத் தோண்டி, வேரோடு எடுத்து அழித்துவிட வேண்டும். நான் எரித்து அழிக்கச் சொல்கிற ஒரே இடம் இதுதான்.

மீதிக் கட்டையை என்ன செய்வது? இங்கே தொல்காப்பியம் உதவுகிறது என்றால் நம்புவீர்களா? மரபியலில் தாவரங்களை அது இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளே வைரம் பாய்ந்தது மரம். வெளியே வைரம் பாய்ந்தது புல். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல் வகை. அறுவை மில்லில் தென்னை அறுக்கிறவருக்கு இது அன்றாட அனுபவம். தேக்கை அறுக்கிறவர் நடுமரத்தைத் தேடுவார், தென்னையை அறுக்கிறவர் ஓரத்தை. அடித்தண்டின் வெளிவட்டம் இரும்பு போலக் கனக்கும், சட்டத்துக்கும் கைமரத்துக்கும் தாங்கும். நடுச்சோறு பஞ்சு மாதிரி, பாரம் தாங்காது. கிளை இல்லாத தண்டு என்பதால் கணு இல்லாத பலகை கிடைக்கும். தென்னையில் மணல் சத்து அதிகம். சாதாரண வாள் சீக்கிரம் மழுங்கிவிடும், கார்பைடு பல் வைத்த வாள் வேண்டும். பிலிப்பைன்ஸில் வயதான தென்னைகளை இப்படி அறுத்து வீட்டுமரமாக விற்பது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. கூரைக்கடியில், நனையாத இடத்தில் அது நெடுங்காலம் நிற்கும். மண்ணில் ஊன்றினால் மட்டும் இரண்டு மூன்று வருடத்தில் உளுத்துப்போகும்.

புயலே வராவிட்டாலும் தென்னையிடமிருந்து நமக்குத் தவணை வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு மரம் ஆண்டுக்குச் சுமார் பன்னிரண்டு மட்டை கழிக்கும். ஏக்கருக்கு எழுபது மரம் என்றால் 840 மட்டை. இதைத் தோப்பின் மூலையில் குவித்து எரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிராக்டரோடு இணைத்து ஓட்டுகிற தூளாக்கும் மிஷினில் விட்டால் அந்த வாரமே அது பாத்திக்கு மூடாக்கு. மிஷின் இல்லாதவர்கள் மட்டையை மூன்றாக வெட்டி மரத்தைச் சுற்றி வட்டமாக அடுக்கினாலே போதும். காசர்கோட்டில் இருக்கும் மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், ஓலையில் பத்தில் ஒரு பங்கு சாணம் சேர்த்து, யூட்ரிலஸ் இன மண்புழுவை விட்டு உரமாக்கும் முறையைக் கொடுத்திருக்கிறது. தென்னை ஓலை லேசில் மட்காது என்று சொன்னவர்களுக்கு அந்தப் புழு பதில் சொல்லிவிட்டது.

இனி தெரு மரத்துக்கு வருவோம். நம்மூர் மரங்களின் கட்டை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிழைப்புக்கு ஆகும். வாகை செக்குக்கு. புளி கறிக்கடைக் கட்டைக்கு. பலா வீணைக்கும் மிருதங்கத்துக்கும். வேம்பு கதவு நிலைக்கு. பூவரசு வண்டிக்கும் பெட்டிக்கும். இவை சாலையோரம் வெட்டுப்படும்போது ஏன் மில்லுக்குப் போவதில்லை? எங்கள் தெருவுக்குக் கழிக்க வருகிற அண்ணனிடம் கேட்டேன். "மில்லுக்காரரு ரோட்டு மரம்னாலே வேணாம்னுருவாரு சார். உள்ள ஆணி இருக்கும், வாள் பல்லு போயிரும்" என்றார். விளம்பரப் பலகைக்கும் சீரியல் பல்புக்கும் அடித்த ஆணி. பத்து வருடத்தில் மரம் அதை மூடி வளர்ந்துவிடும், வெளியே தெரியாது. ஒரு ஆணி மரத்துக்குச் செய்யும் காயத்தைப் பற்றிப் பேசுகிறோம். அந்த ஆணி அதே மரத்தைச் செத்த பிறகும் விறகாகவே நிறுத்திவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆணியில்லாத நல்ல கட்டை கிடைத்தால் அவசரம் கூடாது. வெட்டிய அன்றே இரண்டு முனையிலும் பெயின்டோ மெழுகோ பூசிவிட வேண்டும். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும், அதனால்தான் முனை வெடிக்கிறது. பலகையாக அறுத்த பிறகு நிழலில், ஒவ்வொரு பலகைக்கும் நடுவே காற்றுப் போகக் குச்சி வைத்து அடுக்கிப் பல மாதம் விட வேண்டும். விறகுக்கும் இதே பொறுமை வேண்டும். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர். அதை அடுப்பில் வைத்தால் நெருப்பில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும், மிச்சம் புகை. பிளப்பதைப் பச்சையிலேயே பிளந்துவிட்டு, எரிப்பதை அடுத்த கோடையில் வைத்துக்கொள்வதுதான் முறை.

கையளவு பருமன் கழிகளை நான் மிகவும் மதிக்கிறேன். கிளுவை, பூவரசு, முருங்கை, கல்யாண முருங்கை, சீமைக்கொன்றை, வாதநாராயணன் இவற்றின் கழியெல்லாம் நட்டால் வளரும் போத்து. சாய்வாக வெட்டி, மேல்முனையில் சாணி அப்பி, மழை ஈரத்தில் ஊன்றினால் வேலி தானாக எழும்பும். காவிரி டெல்டாவில் பூவரசம் போத்து வைக்காத வாய்க்கால் கரை ஒரு காலத்தில் இல்லை. ஒரு மரத்தைக் கழித்ததில் இருபது மரம் கிடைக்கும்போது அதைப் போய் லாரியில் ஏற்றுகிறோம்.

எதற்குமே ஆகாத கோணல் கட்டைகளுக்கு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்துக்குச் செய்வது போல மூட்டம் போடலாம். அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசி, காற்றை அடைத்துப் பல நாள் வேகவிட்டால் கரி கிடைக்கும். விறகின் எடையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தேறும், புகையும் உண்டு. ஊருக்கு வெளியே, தெரிந்தவர் கையில் நடக்க வேண்டிய வேலை இது. மூட்டத்தின் அடியில் மிஞ்சும் கரித்தூளை எறியாமல் எருவோடு ஊறவைத்து மண்ணில் போட்டால் மண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அரளியை மட்டும் தனியாக ஒதுக்குங்கள். அதன் தழை ஆட்டுக்கு நஞ்சு, குச்சியை எரித்த புகை நமக்கும் நஞ்சு. கழித்த அரளியை வேறு எதோடும் கலக்கக் கூடாது. விழுந்த மரத்தை வெட்டும்போதும் கவனம் வேண்டும். வளைந்து நிற்கிற கிளைக்குள் வில்லைப் போல விசை இருக்கும். அறுபட்ட நொடியில் அது உதறி அடிக்கும். பழகாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

போன வருடம் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டோம். கழிக்க வந்தவர்கள் மரத்தில் ஏறுமுன் தரையில் மூன்று இடம் காட்டினோம். தழை இங்கே, விரல் பருமன் குச்சி அங்கே, மணிக்கட்டுக்கு மேல் பருமன் உள்ளது சுவரோரம். கீழே நின்றவர் வெட்டி விழுந்ததை அப்போதே பிரித்துப் போட்டார். கூலி கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தோம், அதை அவர்கள் கேட்காமலேயே கொடுத்திருக்க வேண்டும். தழையை ஆடு வளர்க்கிற அக்கா சாயங்காலமே குட்டியானை வண்டி பிடித்து வந்து அள்ளிக்கொண்டு போனார். குச்சிகளை அரிவாளால் நறுக்கி நாலு வீட்டு மாமரத்தடியிலும் பரப்பினோம். கட்டை மாடிப்படிக்கு அடியில் காய்கிறது. தெருமுனையில் குவியல் இல்லை, புகையும் இல்லை.

இந்த மழைக்கு முன்னால் உங்கள் தெருவுக்கும் வருவார்கள். முதல் வெட்டு விழுவதற்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள். விழுந்ததைப் பிரிக்க அன்றைக்கு அரை மணி நேரம் போதும். ஒருநாள் குவிந்துவிட்டால் அதை யாராலும் பிரிக்க முடியாது.